ஊதா மை மனேஜர்கள்

ரூ லூயி-பிளாங் என்ற பிரெஞ்சுத் தெருவில் நான் வேலை செய்யும் கடையில் விமான டிக்கெட் விற்பது தொழில். படிவம் நிரப்புவது தலைவிதி. டிக்கெட் எடுக்க வருகிறவர் பையிலிருந்து கடவுச்சீட்டை இழுக்கும்போதே அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கடதாசியும் வரும். "வந்ததோட வந்தனான் தங்கச்சி, உதையும் ஒருக்கா நிரப்பி விடுங்கோவன்." வீட்டு உதவிப் படிவம், மின்சாரக் கடிதம், பிள்ளையின் நீச்சல் வகுப்பு என்று எல்லாம் வரும். முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். படிவத்தோடு வந்த மனிதர் என்றைக்கோ ஒருநாள் ஊருக்குப் போகத்தானே வேண்டும் என்று நினைப்பார்.

பேனாவும் அவர்தான் தருவார். எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியிருக்கிறார், எல்லாமே ஊதா மை. இந்த ஊதாவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

செப்டெம்பர் வந்தால் பள்ளிக்கூடப் படிவங்கள் வரும். பெயர், விலாசம், தடுப்பூசி எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். "தகப்பனின் தொழில்" என்ற கட்டத்தில் வண்டி நின்றுவிடும். எங்கள் கடை ஒரே ஒரு அறை. நான் கேட்பதும் அவர் சொல்வதும் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். அதில் ஒருவர் கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர், ஒருவர் ஊரில் பக்கத்து வளவுக்காரர், இன்னொருவர் நாளைக்கே சம்பந்தம் பேசி வரக்கூடியவர். இத்தனை பேருக்கு முன்னால் "கோப்பை கழுவுறன்" என்று எந்த மனிதர் வாய் திறந்து சொல்வார்? அவர் கோப்பை கழுவுகிறார் என்று எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பல் முழுக்கத் தெரியும். பின்னால் நிற்கிறவரும் இன்னொரு தெருவில் கோப்பைதான் கழுவுகிறார். ஆனாலும் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. எங்கள் ஆட்களுக்கிடையில் அப்படி ஒரு மரியாதை.

ஆகவே அவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். செருமுவார். "ரெஸ்ரோரண்ட்தான்... நீங்கள் பாத்துப் போடுங்கோ" என்பார்.

நானும் பார்த்துப் போட்டேன். கோப்பை கழுவுகிறவரை உணவக நிர்வாகி ஆக்கினேன். விளம்பரத் தாள்களைத் தபால் பெட்டிகளில் போட்டுக்கொண்டு திரிந்தவர் தகவல் தொடர்பு மனேஜர் ஆனார். மரக்கறிக் கடையில் பெட்டி தூக்கும் அண்ணை ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு முருங்கைக்காய் கொண்டுவந்து தருவார். அவரை ஏற்றுமதி இறக்குமதிக் கம்பனி இயக்குநராகப் போட்டேன். லொறியிலிருந்து இறக்குகிறார், கடைக்குள் ஏற்றுகிறார், முழுப்பொய் என்று சொல்ல முடியாது.

இதில் வெட்கம் மட்டும்தான் இருந்தது என்று நினைக்காதீர்கள். மனேஜரின் பிள்ளை என்றால் வாத்தியார் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார் என்று நாங்கள் மெய்யாகவே நம்பினோம். ஊரில் அப்படித்தானே பார்த்து வளர்ந்தோம். டொக்டரின் மகன் முன்வாங்கில் இருப்பான், தோட்டக்காரரின் மகன் யன்னலோரம் இருப்பான். அதனால் நான் ஏதோ சமூக சேவை செய்கிற மாதிரி, வருகிற ஒவ்வொரு தகப்பனையும் ஒரு படி உயர்த்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

என் சொந்த மனிதரை மட்டும் விட்டுவைப்பேனா? அவர் கார் து நோர் ரயில் நிலையத்தில் வேலை செய்கிறார். புறநகர் ரயில் ஒன்று வந்து, ஆட்கள் இறங்கி, மறுபடி புறப்படுவதற்குள் பெட்டிக்குள் ஏறிக் கூட்டித் துடைப்பது அவர் வேலை. எங்கள் மூத்த மகள் கொலேஜில், அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து போகும் பெரிய பள்ளிக்கூடத்தில், சேர்ந்தபோது அவளுடைய படிவத்தை வேலைக்கு நடுவில் கடையில் வைத்தே நிரப்பினேன். தொழில் கட்டம் வந்தது. "ரயில் நிலைய அதிகாரி" என்று எழுதினேன். கை அதுவாகவே எழுதியது. பின்னால் நின்ற மரக்கறிக்கடை அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் என் மனிதரைப் பார்த்து, "என்ன ஸ்டேஷன் மாஸ்டர், எப்பிடிச் சுகம்?" என்றார். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் நடந்தால் "மாஸ்டர்" என்று குரல் வரும். கலியாண வீட்டில் முன் கதிரை கிடைக்கும். அவர் மறுக்கவில்லை. சேர்ட்டுகளை மட்டும் முன்பைவிடக் கவனமாக ஸ்திரி போடத் தொடங்கினார். எனக்குப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது என் சின்னவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவள் வாயாடி. தகப்பனோடு தமிழில் வழக்காடி வெல்வாள். வாசலைத் தாண்டினால் ஊமை. பாலர் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு வருடம் முழுக்க ஒரு சொல் பேசவில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று விசாரித்தார். காதுக்கு டொக்டர், தொண்டைக்கு டொக்டர் என்று கூட்டிக்கொண்டு அலைந்தேன். எல்லாம் சரி என்றார்கள். ஒவ்வொரு நாளும் அவளைக் கேற்றடியில் விட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை வெளியில் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

பிறகு முதலாம் வகுப்பு. அங்கே பன்னிரண்டு பிள்ளைகள்தான். டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் குந்தியிருந்து, அது வாய் திறக்கும்வரை காத்திருப்பாராம். மார்கழி லீவுக்கு முன்னால் ஒருநாள் என் சின்னவள் டீச்சரின் காதுக்குள் ஒரு சொல் வாசித்தாள். தைமாதம் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி வாசித்தாள். டீச்சர் அதை என்னிடம் சொன்னபோது அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவருக்கு மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

அந்த வருடம் நான் பெற்றோர் பிரதிநிதியாகவும் இருந்தேன். வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான் என் தகுதி. பங்குனியில் தலைமையாசிரியை பிரதிநிதிகளைக் கூப்பிட்டார். நானும் குறிப்பெடுக்கத் தயாராகப் போய் முன்னால் இருந்தேன்.

அவர் சொன்னது இதுதான். எங்கள் பகுதியில் வசதி குறைந்த குடும்பங்கள் அதிகம் என்பதால் பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் மேலதிக ஆசிரியர்கள், அதனால்தான் பன்னிரண்டு பேர் வகுப்பு. சும்மா தருவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு வாசிக்கிறது என்று சோதனை வைத்து மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். பரிசோதகர் வந்து கடைசி வாங்கில் இருந்து பார்த்துவிட்டுப் போவார். கொடுத்த ஆசிரியரை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

"அந்தப் பதிலெல்லாம் என்னிடம் இருக்கிறது," என்றார். "இப்போது வேறு கேள்வி வந்திருக்கிறது. பட்டியலை மறுபடி பார்க்கப் போகிறார்கள். கொலேஜில் பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோர் எழுதிக் கொடுக்கும் தொழிலை வைத்துத்தான் ஒரு பகுதியின் வசதியை அளக்கிறார்கள். கொலேஜ் பட்டியலிலிருந்து போனால் அதைச் சுற்றியிருக்கும் எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கூடங்களும் கூடவே போகும். இரண்டு வகுப்பை ஒன்றாக்கிவிடுவார்கள்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"உங்கள் பகுதிப் பெற்றோர் நன்றாக முன்னேறிவிட்டார்கள் போலிருக்கிறது. கொலேஜ் அதிபர் சொன்னார், எத்தனையோ இயக்குநர்கள், நிர்வாகிகள். அதிசயம் என்னவென்றால், எல்லோரும் ஒரே ஊதா மையில் எழுதுகிறார்களாம்."

நான் ஊதா மையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பேனாவை மெதுவாகக் கைப்பைக்குள் நழுவ விட்டேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நல்லவர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு எல்லார் மேலும் கோபம். மனிதர் செய்யும் வேலையைக் கேட்டுக் கட்டம் போட்டு, அதை வைத்துப் பிள்ளைக்கு டீச்சர் தருகிறவர்கள் மேல் கோபம். செய்கிற வேலையைச் சொல்லக் கூசுகிற எங்கள் ஆட்கள் மேல் கோபம். மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே வந்தபோதுதான் கோபம் சரியான ஆளைக் கண்டுபிடித்தது. வாத்தியார் கூடக் கவனிக்க வேண்டும் என்றுதானே எல்லோரையும் உயர்த்தினேன்? உயர்த்திய உயரத்துக்கு வாத்தியாரே இல்லாமல் போகப் போகிறார். என் சின்னவள் மறுபடி பெரிய வகுப்புக்குள் போய் வாயை மூடிக்கொள்வாள். அதற்கான கடதாசியை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

கொலேஜ் ஒரு வழி செய்தது. எல்லோருக்கும் புதிதாக ஒரு தொழில் படிவம் கொடுத்தார்கள். பிழை இருந்தால் திருத்தி எழுதலாம். வருகிற சனிக்கிழமை காலையில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றோர் கோப்பி குடிக்கக் கூடும்போது கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க டிக்கெட் விற்றேனோ இல்லையோ, மனேஜர்களைப் பதவி இறக்கிக்கொண்டிருந்தேன். மரக்கறிக்கடை அண்ணை வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தங்கச்சி, ஏத்தினதும் நீ, இப்ப இறக்கிறதும் நீயோ?" என்றார். "நான் ஊருக்கு அறிவிச்சுப்போட்டன். அங்கை கொம்பனி எண்டு நினைச்சுக்கொண்டிருக்குதுகள்."

"அண்ணை, இந்தப் படிவம் ஊருக்குப் போகாது."

"உன்ர கடையில எழுதினதெல்லோ? எல்லா இடமும் போகும்."

அவருக்குப் பின்னால் நின்றவர் மன்னார் அக்கா. அலுவலகங்கள் திறக்குமுன் போய்த் துடைத்துவிட்டு வருகிறவர். அவரை நான் அலுவலகச் செயலாளராகப் போட்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்கட மாதா கோயிலில சுவாமியாரிட்டப் பாவம் சொல்லுற பாவசங்கீர்த்தனத்துக்கும் ஒரு திரை இருக்குப் பிள்ளை. உன்ர கடையில அதுவும் இல்லை. திரை இருந்திருந்தா நான் முதலே உண்மையைச் சொல்லியிருப்பன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அது சரி, உன்ர மனுசன் என்னெண்டு எழுதப் போறார்?"

விமான டிக்கெட்டின் விலையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அதுதானே," என்றார் மரக்கறிக்கடை அண்ணை. "ஊருக்குத்தான் உபதேசமோ? ஸ்டேஷன் மாஸ்டர் முதல்ல எழுதட்டும். அவர் எழுதினா நாங்களும் எழுதுறம்."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவர் சேர்ட் ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நல்ல சகுனமாகப் படவில்லை.

"இஞ்சாருங்கோ, மூத்தவளின்ர படிவத்தை மாத்தி எழுத வேணும்."

"எந்தப் படிவம்?"

"நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டரான படிவம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கொலரை இரண்டு முறை அழுத்தினார்.

"நானே எழுதச் சொன்னனான்? நீர்தானே எழுதினீர்."

"ஓம், நான்தான்."

"எழுதேக்க என்னைக் கேக்கேல்லை. இப்ப அழிக்க மட்டும் ஏன் கேக்கிறீர்?" ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இஞ்சை வந்து இத்தனை வருசத்தில ஒருத்தரும் என்னை ஒண்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்பதான் நாலு பேர் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகினம். பொய்ப் பேர்தான். எனக்குத் தெரியாதே? ஆனா கூப்பிடுகினம்."

அவர் சொன்னது என் நெஞ்சில் போய் இருந்துகொண்டது. போய்ச் சோற்றை வடித்தேன்.

இரண்டு நாள் படிவம் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது மூத்தவள்தான் வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வயது, வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் வயது. "அப்பா ரயில் துடைக்கிறார் என்று என் வகுப்புக்கே தெரியும்," என்றாள். "பொண்டிப் புறநகரிலிருந்து ரயிலில் வரும் என் சிநேகிதி அவரை ரயிலுக்குள்ளேயே பார்த்திருக்கிறாள், கையசைத்துமிருக்கிறாள். எங்கள் எல்லாருக்கும் எல்லாருடைய அப்பாவும் என்ன செய்கிறார் என்று தெரியும். நீங்கள் பெரியவர்கள் யாரிடமிருந்து ஒளிக்கிறீர்கள்?"

அவருக்குப் பிரெஞ்சு தேவைப்படும்போது புரியும், தேவைப்படாதபோது புரியாது. அன்றைக்கு எதுவென்று முகத்தில் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பெற்றோர் கோப்பிக்கு வழக்கமாக ஆறு பேர் வந்தால் பெரிய விஷயம். அன்றைக்கு வந்தவர்கள் கோப்பிக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். படிவங்கள் எல்லோர் கையிலும் இருந்தன, தொழில் கட்டம் எல்லாவற்றிலும் வெறுமையாக. சின்னவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாய் இறுக மூடியிருந்தது. அவளுடைய டீச்சர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். மரக்கறிக்கடை அண்ணை நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நேரத்தைப் பார்த்தார்.

பத்தரைக்கு என் மனிதர் வந்தார். ஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், தலையில் எண்ணெய், கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி.

"மாஸ்டர், வாங்கோ," என்றார் அண்ணை. பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்னபிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

இவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. அங்கே இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளின் கதிரைகள். ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார். நான் அவசரமாகப் பேனாவை நீட்டினேன்.

"உந்தக் கண்டறியாத ஊதாப் பேனையை உள்ளுக்கு வையும்," என்றார்.

டீச்சர் ஒரு நீலப் பேனா கொடுத்தார். அவர் எழுதத் தொடங்கினார். அவருக்குப் பிரெஞ்சு எழுத நேரம் பிடிக்கும். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, அழுத்தி, வடிவாக எழுதினார். முழு மண்டபமும் கழுத்தை நீட்டியது.

வகுப்பு தப்பியதா என்று கேட்பீர்கள். தப்பியது. இரண்டாம் வகுப்பிலும் அவளோடு பதினொரு பிள்ளைகள்தான். இன்னொரு வருடத்தில் மறுபடி பார்ப்பார்களாம். எங்கள் கடதாசிகளால்தான் தப்பியதா, மேலிடத்தில் வேறு ஏதாவது நினைத்தார்களா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்று அந்தக் கதிரைகளைச் சுற்றி நின்றபோது எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். படிவத்தை மடிக்கவில்லை, மேசையில் அப்படியே விரித்து விட்டார். யாரும் கிட்டப் போகவில்லை. எழுதியாகிவிட்டது, ஆனால் அதை வாய்விட்டு வாசிக்கும் மரியாதைக்கேடு எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் வராது.

என் பாவாடையைப் பிடித்திருந்த கை விட்டது. சின்னவள் போய்த் தகப்பனின் முழங்காலோடு ஒட்டி நின்றாள். நீல எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அ... ஜான்..."

கேக் வெட்டிய கத்தி நின்றது. டீச்சர் அசையாமல் என்னைப் பார்த்தார்.

"து..." விரல் நகர்ந்தது. "நெத்... துவா... யாஜ்."

துப்புரவுப் பணியாளர். இத்தனை வருடம் எந்தச் சொல் யார் காதிலும் விழக்கூடாது என்று நாங்கள் பாடுபட்டோமோ, அந்தச் சொல்லை அத்தனை சனத்துக்கு முன்னால் என் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அத்தனை சனத்துக்கு முன்னால், வாய் திறந்து. என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். வெளி ஆட்களுக்கு முன்னால் அவள் குரலை என் மனிதர் கேட்டது அதுதான் முதல்தரம். படிவத்தையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா வாசி, குஞ்சு," என்றார். "கொஞ்சம் பலமா."